'சந்தோஷமா இருக்கீங்களா?': மான்குர்த் இல்லத்தில் கிடைக்கும் 'ஆமா'வை எப்படிப் படிப்பது?

ஆபீஸ் சி.எஸ்.ஆர். சனிக்கிழமைக்கு நீங்களும் போயிருக்கலாம். ஒரு பஸ், முப்பது பேர், பிரியாணிப் பொட்டலம், ஒரு கேக். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்கியிருக்கும் ஒரு இல்லம். சாப்பாடு முடிந்து கிளம்பும் நேரத்தில் நம்மில் ஒருவர் சத்தமாகக் கேட்பார்: "எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களா?" மொத்த ஹாலும் சேர்ந்து "ஆமா" என்று சொல்லும். குரூப் போட்டோ எடுப்போம். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஒரு பேச்சு வரும்: "நல்லாத்தான் பாத்துக்கறாங்கல்ல?"

அந்த "ஆமா"வை எவ்வளவு நம்பலாம்? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பதில் தேடி மும்பையின் கிழக்கு ஓரத்துக்குப் போகலாம்.

மான்குர்த்தில் என்ன இருக்கிறது?

ஹார்பர் லைனில் வாஷி நோக்கிப் போகும் ரயிலில், கழிமுகப் பாலத்துக்கு முன்னால் வரும் கடைசி மும்பை ஸ்டேஷன் மான்குர்த். ஒரு பக்கம் தேவ்னார் குப்பைமேடு, இன்னொரு பக்கம் ட்ராம்பே, சீதா கேம்ப். 1976இல் ஜனதா காலனியிலிருந்து வெளியேற்றப்பட்ட பல தமிழ்க் குடும்பங்கள் சீதா கேம்ப்பில்தான் குடியமர்த்தப்பட்டன. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ இருக்கும் தமிழர்களுக்கு இது தூரத்து ஊர் இல்லை. ஆனால் நகரம் தன் கண்ணில் படக் கூடாது என்று நினைத்த பலவற்றைக் கொண்டுவந்து வைத்த இடம் இது. மான்குர்த் அடங்கிய எம்-கிழக்கு வார்டுக்கு 2009 மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை கொடுத்த குறியீட்டு எண் 0.05. நகரத்திலேயே அதுதான் கடைசி.

இங்கேதான் 1941இல், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான ஒரு தங்கும் இல்லம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இந்த வகை இல்லங்களில் முதலாவதாகச் சொல்லப்படுவது இதுதான். நடத்துவது சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டி. 1927 மே 1இல் உருவான அமைப்பு. பெயரைக் கேட்டால் தனியார் தொண்டு நிறுவனம் மாதிரி தெரியும். ஆனால் பதவி வழியில் இதன் தலைவர் மாநில முதலமைச்சர். பணம் பெரும்பாலும் அரசு மானியம்.

இதே சொசைட்டி மான்குர்த்தில் நடத்திய இன்னொரு இல்லமான புதிய அப்சர்வேஷன் ஹோம் பற்றிப் பத்திரிகையாளர் ஷீலா பர்ஸே போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986 டிசம்பரில் வந்த தீர்ப்பில், அரசியல் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி இந்த சொசைட்டியை 'அரசு' என்றே கருத வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. எளிமையாகச் சொன்னால், உள்ளே இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளுக்கு அது அரசைப் போலவே பதில் சொல்ல வேண்டும். "நாங்க சேவைதானே பண்றோம்" என்று ஒதுங்க முடியாது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

டெல்லியின் ஆஷா கிரண் இல்லத்தில் 2024 ஜூலையில் ஒரே மாதத்தில் 14 பேர் இறந்தார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான அரசு இல்லம் அது. கட்டியது குறைவான பேருக்கு, தங்கியிருந்தது அதைவிட மிக அதிகம் பேர். அந்த இல்லம் தொடர்பாகப் பல ஆண்டுகளாக நடந்துவந்த ஒரு வழக்கில் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு தந்தது. நாடு முழுவதும் இப்படிப்பட்ட அரசு இல்லங்களை ஆய்வு செய்யும் பொறுப்பை 8 தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களிடம் அது ஒப்படைத்தது.

மகாராஷ்டிராவுக்கும் இது பழைய கதை. 2010இல் தாணே மாவட்ட இல்லம் ஒன்றைப் பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு, பம்பாய் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. அடுத்த ஆண்டே பன்வேல் பகுதி இல்லம் ஒன்றில் நடந்த பாலியல் கொடுமைகள் வெளியே வந்தன. 2013இல் விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை விதித்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஏர்வாடியை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள். இறந்தவர்கள் 28 பேர்.

இந்தச் சம்பவங்கள் எல்லாவற்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு. சாவோ வன்முறையோ நடந்த பிறகுதான் ஆய்வு வருகிறது. அந்த ஆய்வும் படுக்கை, கழிப்பறை, சிசிடிவி, சமையல்காரர் எண்ணிக்கை என்று கட்டடத்தையே எண்ணுகிறது. இதெல்லாம் தேவைதான், சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே இருப்பவருக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. முன்னது வளரும் பருவத்திலேயே தொடங்குவது. கற்றுக்கொள்வதும் அன்றாட வேலைகளும் மெதுவாக வரும், ஆயுள் முழுக்க இருக்கும். பின்னது எந்த வயதிலும் வரலாம். சிகிச்சையில் குறையலாம், குணமும் ஆகலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரண்டையும் தனித்தனியாக எண்ணியது: அறிவுசார் குறைபாடு 15.1 லட்சம் பேர், மனநோய் 7.2 லட்சம் பேர்.

பேச்சில் நாம் இரண்டையும் கலந்துவிடுகிறோம். சட்டம் கலப்பதில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. ஆனால் அதே சட்டம் மனநோய்க்குத் தரும் விளக்கத்திலேயே அறிவுசார் குறைபாட்டை வெளியே நிறுத்துகிறது.

அப்படியானால் மான்குர்த் போன்ற இல்லத்தில் இருப்பவருக்கு எந்தச் சட்டம்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 5ஆவது பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமை உண்டு என்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபடி அரசு 'முயற்சி செய்ய வேண்டும்' என்றும் சொல்கிறது. ஒரு சட்டத்தில் 'வைத்திருக்கக் கூடாது', இன்னொன்றில் 'முயற்சி'. இந்த இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவில்தான் பல பேருடைய ஆயுள் ஓடுகிறது.

நாடு எடுக்கும் சர்வேயில் இவர்கள் எங்கே?

டேட்டா வேலை செய்பவர்கள் முதலில் பார்ப்பது யார் எண்ணப்பட்டார்கள் என்பதை இல்லை, யார் எண்ணப்படவில்லை என்பதைத்தான். வேலைவாய்ப்பை அளக்கும் பி.எல்.எஃப்.எஸ். சர்வேயின் விதியில் ஒரு வரி உண்டு: அநாதை இல்லங்கள், மீட்பு இல்லங்கள் போன்றவை சர்வே எல்லைக்கு வெளியே. வீடு வீடாகப் போகும் சர்வே இது. இல்லம் 'வீடு' கணக்கில் வராது.

ஒவ்வொரு மார்ச் மாதமும் வைரலாகும் உலக மகிழ்ச்சி அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2025இல் 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118ஆவது இடம். அந்தத் தரவரிசைக்கு அடிப்படை காலப் நிறுவனத்தின் உலக சர்வே. 0 முதல் 10 வரை படிகள் உள்ள ஒரு ஏணியைக் கற்பனை செய்யச் சொல்வார்கள். மேல்படி உங்களால் முடிந்த மிகச் சிறந்த வாழ்க்கை, கீழ்ப்படி மிக மோசமானது. நீங்கள் எந்தப் படியில்? இந்தக் கேள்வி கேட்கப்படுவது 15 வயதைத் தாண்டிய, நிறுவனங்களுக்கு வெளியே வாழ்பவர்களிடம் மட்டும். சிறை, மனநல மருத்துவமனை, இல்லங்களில் இருப்பவர்கள் அந்த ஏணியில் ஏறவே இல்லை. அந்த 118இல் அவர்களுடைய பங்கு பூஜ்யம்.

மனநல மருத்துவமனைகள் பக்கம் ஒரு கணக்கு கிடைத்தது. தி ஹான்ஸ் ஃபவுண்டேஷன் 2019இல் வெளியிட்ட அறிக்கை 24 மாநிலங்களில் 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்தது. உள்ளே இருந்தவர்களில் 36.25% பேர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே தங்கியிருந்தவர்கள். மூன்றில் ஒருவருக்கு மேல். மருத்துவமனை அவர்களுக்கு விலாசமாகவே மாறிவிட்டது.

நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார்களா?

சொல்வார்கள். ஆனால் கேட்கும் விதத்தில் சிக்கல் இருக்கிறது. 1981இல் அமெரிக்காவில் கரோல் சிகல்மனும் உடன் ஆய்வு செய்தவர்களும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஒன்றுக்கொன்று எதிரான கேள்விகளைக் கேட்டார்கள். சாதாரணமாக நீங்கள் சந்தோஷமாக இருப்பீர்களா? சாதாரணமாக நீங்கள் சோகமாக இருப்பீர்களா? பலர் இரண்டுக்குமே 'ஆமாம்' என்றார்கள். சந்தேகம் வந்தால் ஆமாம் என்று சொல்லிவிடு என்ற பொருள்படும் தலைப்போடு அந்தக் கட்டுரை வந்தது.

இதைப் புத்திக் குறைவு என்று முடித்துவிடாதீர்கள். அப்ரைசல் மீட்டிங்கில் மேனேஜர் "எல்லாம் ஓகேதானே?" என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? கேட்பவர் கையில் அதிகாரம் இருந்தால் பதில் அவருக்குப் பிடித்த பக்கம் சாயும். நம்மால் வேலை மாற முடியும், லிங்க்ட்இன் திறக்க முடியும். இல்லத்தில் இருப்பவருக்குச் சாப்பாடு, படுக்கை, மாத்திரை, திட்டு, அன்பு எல்லாமே ஒரே கதவு வழியாக வருகிறது. வார்டன் பக்கத்தில் நிற்கும்போது அவர் வேறு என்ன சொல்வார்?

இதற்குத் தீர்வுகள் இருக்கின்றன. ஆம்-இல்லை கேள்விக்குப் பதிலாக 'இதுவா, அதுவா' என்று கேட்கலாம். படங்களைக் காட்டித் தேர்வு செய்யச் சொல்லலாம். ஒரே கேள்வியைத் திருப்பிப்போட்டு இன்னொரு நாள் கேட்கலாம். பேச்சு வராதவர்களுக்கு, எந்த இடத்தில் முகம் மலர்கிறது, எந்த ஆள் வந்தால் உடம்பு சுருங்குகிறது என்று கவனித்துப் பதிவு செய்யலாம். முக்கியமாக, கேட்பவர் இல்லத்தின் ஊழியராக இருக்கக் கூடாது. இதெல்லாம் நேரம் பிடிக்கும் வேலை. ஒரு சனிக்கிழமை மதியத்தில் நடக்காது.

பழகிப்போன திருப்தி

சரி, நன்றாகவே கேட்டுவிட்டோம், உண்மையாகவே 'திருப்தி' என்றார் என்று வையுங்கள். அப்போதும் ஒரு பிரச்சினை மிச்சம் இருக்கிறது. அமர்த்தியா சென் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நீண்ட காலம் இல்லாமையில் வாழ்ந்தவர் தன் ஆசையையே சுருக்கிக்கொள்வார். கிடைக்கும் சின்ன இரக்கத்தில் சந்தோஷப்படக் கற்றுக்கொள்வார். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. ஆனால் அதை வைத்து அவருடைய வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று முடிவெடுத்தால், சுருங்கிய ஆசைக்கு நாம் சான்றிதழ் கொடுக்கிறோம்.

ஏழு வயதில் இல்லத்துக்கு வந்தவர் ஒரு கடையில் போய் பிஸ்கட் வாங்கியதே இல்லை என்றால், கடைக்குப் போக ஆசையா என்ற கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்? ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் இன்னொரு வாழ்க்கை இல்லை.

சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1961இல் மனநல விடுதிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த அமைப்பை விவரித்தார். நாம் தூங்குவது ஓரிடம், வேலை செய்வது ஓரிடம், விளையாடுவது இன்னோர் இடம். ஒவ்வொன்றிலும் வேறு ஆட்கள், வேறு விதிகள். நிறுவனத்தில் மூன்றும் ஒரே கூரையின் கீழ், ஒரே அதிகாரத்தின் கீழ், ஒரே மணிக்கு, ஒரே கூட்டத்தோடு நடக்கும். ஒரு நல்ல மனசுள்ள கண்காணிப்பாளர் வந்தால் கொஞ்சம் நன்றாக நடக்கும். அமைப்பு மாறாது.

அப்படியானால் எதை அளக்க வேண்டும்?

மாற்றுத்திறன் ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது ராபர்ட் ஷலாக் உருவாக்கிய வாழ்க்கைத் தர அளவுகோல். அதில் 8 பகுதிகள்: மனநலன், உறவுகள், பொருள் வசதி, சொந்த வளர்ச்சி, உடல்நலன், சுயமுடிவு, சமூகத்தில் பங்கு, உரிமைகள். புத்தக வார்த்தைகளாக இருக்கின்றன இல்லையா? ஒரு நாளில் வைத்துப் பார்த்தால் இப்படி வரும்:

– ராத்திரி லைட்டை எப்போது அணைப்பது என்று யார் முடிவு செய்கிறார்?
– அலமாரியில் அவருடையது என்று பூட்டி வைக்க ஒரு பெட்டி இருக்கிறதா? போட்டிருக்கும் சட்டை அவருடையதா, பொதுத் துணிக்குவியலில் இருந்து வந்ததா?
– ஊழியர் அல்லாத, உடன் தங்காத ஒரு நண்பராவது அவருக்கு உண்டா?
– கடைசியாக வாசல் கேட்டைத் தாண்டி வெளியே போனது எப்போது? ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கே?
– போன வருஷம் தெரியாத எதை இந்த வருஷம் செய்யக் கற்றுக்கொண்டார்?
– அவர் பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார், வாக்காளர் அட்டை இருக்கிறதா? அந்தப் பணத்தை எடுப்பது யார்?
– பல் வலி என்றால் எத்தனை நாளில் டாக்டர் பார்க்கிறார்?
– யாராவது அடித்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா?

இந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு 'ஆமா' என்று கோரஸ் பாட முடியாது. பதில் ஒரு தேதியாகவோ, பெயராகவோ, பொருளாகவோ வர வேண்டும். அதனால்தான் 'சந்தோஷமா?' என்ற கேள்வியைவிட இவற்றை நம்பலாம்.

சொன்னதைக் கேட்ட ஒரு தீர்ப்பு

"அவங்களுக்கு என்ன தெரியும், நாமதான் முடிவெடுக்கணும்" என்று சொல்பவர்களுக்கு 2009இல் உச்ச நீதிமன்றம் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. சண்டிகரில் அரசு இல்லம் ஒன்றில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண் அங்கேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமானார். அவருக்குக் குடும்பம் கிடையாது. அவருடைய நன்மைக்காகத்தான் என்று சொல்லி நிர்வாகம் கருக்கலைப்பு கோரியது. உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. ஆனால் நிபுணர் குழு அவரிடம் பேசியபோது அவர் தெளிவாக ஒன்றைச் சொல்லியிருந்தார்: குழந்தை வேண்டும்.

சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கு என்று அறியப்படும் அதில் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் விருப்பத்தின் பக்கம் நின்றது. கருக்கலைப்புச் சட்டம் மனநோயையும் அறிவுசார் குறைபாட்டையும் பிரித்தே பார்க்கிறது. வயது வந்த, லேசான அல்லது மிதமான அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் முடிவெடுக்க முடியாது என்றது. மேலே பார்த்த அந்த 'இரண்டு சொல்' குழப்பத்துக்கு எவ்வளவு பெரிய விலை இருக்கிறது என்று இங்கே தெரியும்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அவரைப் பாதுகாக்கவென்று இருந்த இடத்தில்தான் வன்முறை நடந்தது. அவர் விருப்பத்தைத் தெரிந்துகொள்ள வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

18 வயசு ஆனதும் என்ன ஆகிறது?

மான்குர்த் இல்லத்தின் பெயரில் 'குழந்தைகள்' என்ற சொல் இருக்கிறது. சிறார் நீதிச் சட்டப்படி குழந்தை என்றால் 18 வயதுக்குள். அதற்குப் பிறகு பின்பராமரிப்பு 21 வரை, அரிதான சூழலில் 23 வரை நீளலாம். மற்ற குழந்தைகள் அதற்குள் ஒரு வேலை, ஒரு வாடகை அறை என்று வெளியே போகப் பார்க்கலாம். அறிவுசார் குறைபாடுள்ள, பெற்றோர் இல்லாத ஒருவர் 18ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள் எங்கே போவார்?

அமராவதி மாவட்டம் வஜ்ஜரில் பெற்றோரற்ற மாற்றுத்திறன் குழந்தைகளை வளர்த்துவரும் சங்கர்பாபா பாபல்கர் இந்தக் கேள்வியைப் பல வருஷமாகக் கேட்டுவருகிறார். 18 தாண்டிய பிறகும் அவர்கள் இருக்கச் சட்டம் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர் கேட்பது நியாயம். தெருவில் விடுவதைவிட இல்லத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் அரசுக்கு இது ஒரு வசதியான முடிச்சாகவும் ஆகிவிடுகிறது. வயது வந்தவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யாமல், குழந்தைகள் இல்லத்திலேயே வைத்து வயதாக விட்டுவிடலாம். நாற்பது வயதுக்காரரையும் 'பையன்' என்று கூப்பிடும் இடத்தில், அவருக்கு ஒரு வேலையோ சம்பளமோ காதலோ வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வீடு மாறினால் வாழ்க்கை மாறுமா?

இதற்கு உலக அளவில் ஆதாரம் நிறையவே இருக்கிறது. லண்டனில் ஃப்ரையர்ன், கிளேபரி என்ற இரண்டு பெரிய மனநல மருத்துவமனைகள் மூடப்பட்டபோது, வெளியே போன நீண்டகால நோயாளிகளை ஜூலியன் லெஃப் தலைமையிலான ஆய்வுக் குழு 1985 முதல் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. நோயின் அறிகுறிகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் நட்பு வளர்ந்தது, சுதந்திரத்தை அவர்கள் மதித்தார்கள், பெரும்பாலானவர்கள் புதிய வீட்டிலேயே இருக்க விரும்பினார்கள். குணமாவது ஒன்று, நன்றாக வாழ்வது இன்னொன்று என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2009இல் கோஸ்மா, மான்செல், பீடில்-பிரவுன் மூவரும் தொகுத்துப் பார்த்தார்கள். 10 அம்சங்களில் 7இல் சிறிய, சமூகத்துக்குள் இருக்கும் வீடுகள் பெரிய இல்லங்களைவிட நல்ல பலன் தந்ததாகப் பெரும்பாலான ஆய்வுகள் சொல்லின. எல்லாவற்றிலும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்வோம். சின்ன வீடு என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. சின்ன வீட்டுக்குள்ளும் பெரிய இல்லத்தின் விதிகளைக் கொண்டுபோக முடியும்.

"இதெல்லாம் லண்டன்ல நடக்கும், இங்க?" என்றால், சென்னையைப் பாருங்கள். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய தி பான்யன், வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்குத் தங்குமிடமாக ஆரம்பித்தது. பலர் குணமாகிக் குடும்பத்துக்குத் திரும்பினார்கள். திரும்ப முடியாதவர்கள் உள்ளேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்காக 2015இல் 'ஹோம் அகெய்ன்' தொடங்கியது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து குடித்தனம். உதவிக்கு ஓர் உதவியாளர். காய்கறி வாங்குவது, டி.வி. சேனலுக்குச் சண்டை போடுவது, பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போவது எல்லாம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டியில் இதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது. மகாராஷ்டிராவின் ரத்னகிரியிலும் இது நடக்கிறது. மான்குர்த் அளவுக்கான விடை இதிலேயே முழுதாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இது முதன்மையாக மனநோய் உள்ளவர்களுக்கானது. ஆனால் குடும்பம் இல்லாவிட்டால் நிறுவனம்தான் என்ற இரண்டு வழிக் கணக்கை இது உடைக்கிறது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் காகிதத்தில் ஒரு வழி இருக்கிறது. 1999இல் உருவான நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் 'கரௌந்தா' என்ற திட்டம், 18 தாண்டியவர்களுக்கு ஆயுள் முழுக்கக் குழு வீடு தருவதற்கானது. 'நிராமயா' என்ற 1 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும் உண்டு. சட்டபூர்வ பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு இருக்கிறது. வீட்டில் அறிவுசார் குறைபாடுள்ள அண்ணனோ தங்கையோ இருந்தால் இந்த மூன்று பெயர்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தைக் குறை சொல்வது சுலபம்

கோவண்டியிலோ தாராவியிலோ பத்துக்குப் பத்து கோலியில் ஆறு பேர் இருக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். இருபது வயது மகனுக்கு ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும். 80 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். 2012 முதல் அதே 300. மாநிலங்கள் தம் பங்குக்கு மேலே சேர்க்கின்றன. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாட்டுக்கான பராமரிப்புத் தொகை 2023 முதல் 2,000 ரூபாய். அதை வைத்து ஒரு நாளைக்கு ஒரு ஆளை அமர்த்திப் பாருங்கள்.

எனவே ஒரு அம்மா மகனை இல்லத்தில் விடும்போது அவர் அன்பைக் கைவிடவில்லை. பகல்நேர மையம், உதவியாளர், ஓரிரு வாரம் இளைப்பாற ஒரு இடம் என எதுவும் தெருவில் இல்லாததால் இருக்கும் ஒரே கதவைத் தட்டுகிறார். "எனக்கப்புறம் இவனை யார் பாத்துப்பாங்க?" என்ற கேள்வியோடுதான் அவர் ஒவ்வொரு ராத்திரியும் தூங்கப் போகிறார். இல்லத்தில் உள்ளவரின் மனநிறைவு பற்றிப் பேச்சு வரும்போது, அந்த அம்மாவுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்பதும் அதே கணக்கில் வர வேண்டும்.

அதேபோல ஊழியர்கள். ஒருவர் முப்பது பேரைக் குளிப்பாட்ட வேண்டும் என்றால் வரிசைதான் வரும், பேச்சு வராது. அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை

சட்டப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக் குழுக்கள் இல்லங்களுக்குப் போகும்போது, படுக்கை எண்ணும் படிவத்தோடு அந்த 8 பகுதிக் கேள்விகளையும் எடுத்துப் போக வேண்டும். வார்டன் இல்லாத அறையில், படங்களோடு, இரண்டு முறை கேட்க வேண்டும். 'வெளியே வாழ விருப்பமா' என்று கேட்பதற்கு முன்னால் வெளியே ஒரு வாரம் வாழ்ந்து பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். முடிவுகள் இல்லம் வாரியாகப் பொதுவில் வர வேண்டும். 1986 தீர்ப்பின்படி இந்த இல்லங்கள் அரசுதான் என்றால், இதைக் கேட்க நமக்கும் உரிமை இருக்கிறது.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது அந்த சி.எஸ்.ஆர். சனிக்கிழமை. போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள், முப்பது பேராக ஒரு முறை போவதற்குப் பதிலாக மூன்று பேராகப் பத்து முறை போங்கள். அனுமதி வாங்கி, ஒருவரோடு கேட்டைத் தாண்டி டீக்கடை வரை நடந்து போக முடியுமா என்று கேளுங்கள். டீயா காபியா என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும் வரை காத்திருங்கள்.

அந்தப் பதில் வர ஐந்து நிமிஷம் ஆகலாம். இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்காமல்கூட இருந்திருக்கலாம்.